‘விரைவில்’ என்ற சொல்லோடு வந்த கார்: முடியாத ஓட்டுநர் உதவி மென்பொருளுடன் பதினான்கு மாதங்கள்

கடந்த ஆண்டு ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஷோரூம் வாசலில் நான்கு சக்கரங்களுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, பழங்கள் நசுங்கும்படி வண்டியை ஓரடி முன்னே நகர்த்திய பிறகு, ஸ்டீயரிங்கின் வலப்பக்கம் இருந்த ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தேன். முன்னால் செல்லும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலுக்கான பொத்தான் அது. ‘டிங்’ என்று ஓர் ஒலி எழுந்தது. மீட்டர் திரையில் ‘இந்த வசதி விரைவில்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றி, மூன்று விநாடி நின்று, மறைந்தது. பக்கத்தில் நின்ற விற்பனை ஆலோசகர், “அது ஓடிஏ அப்டேட்ல வந்துரும் சார், தீபாவளிக்குள்ள கண்டிப்பா வந்துரும்” என்றார். இணையம் வழியாக வண்டிக்குத் தானே வந்து இறங்கும் மென்பொருள் புதுப்பிப்பைத்தான் ஓடிஏ என்கிறார்கள். எந்தத் தீபாவளி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் வாங்கியது நடுத்தர அளவுள்ள, பெட்ரோலில் ஓடும் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒன்றின் டாப் வேரியன்ட். நிறுவனத்தின் பெயரையும் மாடலின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. முழுமை பெறாத மென்பொருளோடு காரை விற்பது ஒரு நிறுவனம் மட்டும் செய்யும் காரியமல்ல என்பதால், பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். கார் என்ற அளவில் இது நல்ல கார். எஞ்சின் அமைதியானது, ஏசி சித்திரை வெயிலிலும் பத்து நிமிடத்தில் உள்ளே குளிரவைக்கிறது, பின்னிருக்கையில் என் தாயார் கால் நீட்டி உட்கார்ந்து திருச்சி வரை முதுகு வலி இல்லாமல் வருகிறார். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கிடைக்கிறது. இவற்றைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. இந்த மதிப்புரை, அந்தப் பொத்தானையும் அதனோடு சேர்த்து விற்கப்பட்ட பிற வசதிகளையும் பற்றியது.

முதலில் பணக் கணக்கு. அதற்குக் கீழே உள்ள வேரியன்டுக்கும் டாப் வேரியன்டுக்கும் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் வித்தியாசம். அந்தத் தொகைக்கு அகலமான சன்ரூஃப், காற்று வரும் முன்னிருக்கைகள், இன்னும் நாலு ஸ்பீக்கர்கள், அடாஸ் என்று எல்லோரும் சொல்லும் ஓட்டுநர் உதவித் தொகுப்பு ஆகியவை சேர்ந்து வருகின்றன. இதில் அடாஸுக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டபோது, “ஒரு லட்சம்னு வெச்சுக்கோங்க சார்” என்றார் ஆலோசகர். கடையில் மளிகை வாங்கும்போது கூட இப்படி ‘வெச்சுக்கோங்க’ என்று விலை சொன்னால் நாம் நகர்ந்துவிடுவோம். தமிழ்நாட்டில் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 18 சதவீதம்; அந்த வரி முழு விலைக்கும்தான் போடப்படுகிறது. காப்பீட்டுப் பிரீமியமும் வண்டியின் மதிப்பை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. ஆக, ஆன்ரோடு விலையில் வித்தியாசம் இரண்டேகால் லட்சத்தைத் தாண்டியது. பிறக்காத மென்பொருளுக்கு நான் அரசுக்கு வரியும் கட்டியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து ரசீதுகளை அடுக்கியபோதுதான் உறைத்தது.

விற்பனை விளம்பர ஏட்டில் பதினாறு ஓட்டுநர் உதவிகள் படத்தோடு அச்சிடப்பட்டிருந்தன. தலைப்பின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டவரும் சிரமப்பட்டே படிக்கக்கூடிய எழுத்தில், சில வசதிகள் பின்னர் மென்பொருள் வழியாக வழங்கப்படும் என்ற விளக்கம். எவை, எப்போது என்பது அதில் இல்லை. டெலிவரி எடுத்த அன்று அந்தப் பதினாறில் வேலை செய்தவை மூன்று: எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தானே தாழ்த்தும் விளக்கு, முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது என்று நினைவூட்டும் ஒலி, ஓட்டுநர் சோர்ந்திருந்தால் தேநீர்க் கோப்பைப் படம் காட்டும் எச்சரிக்கை. அந்தக் கோப்பை இதுவரை எனக்கு இருமுறை தோன்றியிருக்கிறது. இரண்டு முறையும் நான் நன்றாக விழித்திருந்தேன்.

ஆனால் கருவிகள் எல்லாம் முதல் நாளே வண்டியில் இருந்தன. முன்கண்ணாடியின் மேற்புறம், உட்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கேமரா. முன்பம்பரின் நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியின் பின்னே ஒரு ரேடார். பின்பம்பரின் இரு மூலைகளிலும் வெளியே தெரியாதபடி இன்னும் இரண்டு. இவற்றைப் பிற்பாடு பொருத்துவது மிகவும் சிரமம் என்பதால் தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். மூளையைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்ற துணிவு ஓடிஏ என்னும் தொழில்நுட்பம் தந்தது. வண்டிக்குள்ளிருக்கும் சிம் கார்டு வழியாக மென்பொருள் இறங்கிவிடும் என்பதால், தயாரிப்பு முடிவதற்கும் விற்பனை தொடங்குவதற்கும் இடையில் முன்பு இருந்த கறாரான கோடு அழிந்துவிட்டது. பண்டிகைக் காலத்தில் சந்தைக்கு வந்தாக வேண்டும், போட்டியாளரின் ஏட்டில் பதினைந்து வசதிகள் இருந்தால் நம் ஏட்டில் பதினாறு இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், வேலை முடியாத பகுதி வாங்குபவரின் வீட்டு வாசலுக்குத் தள்ளப்படுகிறது.

மென்பொருள் ஏன் தாமதமாகிறது என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு; அதை மறுத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டினால் மதிப்புரை நேர்மையாக இராது. ரேடாருக்கு இரும்பு எல்லாம் ஒன்றுதான். நெடுஞ்சாலையின் மேலே செல்லும் வழிகாட்டிப் பலகை, பாலத்தின் கைப்பிடி, சாலையோரத் தடுப்பு, பழுதாகி நிற்கும் லாரி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அலை திரும்பி வரும். அசையாமல் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் நூறு மீட்டர் கூடப் போகாது. ஆகவே கேமராவும் ‘ஆம், இது வண்டிதான்’ என்று உறுதி செய்த பிறகே பிரேக் போடும்படி இரண்டையும் இணைக்க வேண்டியிருக்கிறது. கேமராவோ தனக்குப் பழக்கப்பட்ட உருவங்களைத்தான் வண்டி என்று அடையாளம் காணும். விழுப்புரத்தைத் தாண்டி இரவில் போகிறவர்களுக்குத் தெரியும்: பின்விளக்கே இல்லாத டிராக்டர், அதன் பின்னால் இருபுறமும் பிதுங்கி நிற்கும் கரும்புப் பாரம். பார்த்தால் அது வண்டியாகவே தோன்றாது, ஒரு தோட்டம் மெதுவாக நகர்வதுபோல் இருக்கும். எதிர்த்திசையில் வரும் பைக், நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு, மூன்று பேர் உட்கார்ந்து நீண்ட கம்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு போகும் ஸ்கூட்டர் ஆகியவற்றை ஜெர்மனியில் எழுதிய மென்பொருள் கண்டிருக்காது. இந்தியாவில் 2020-இல் எம்ஜி குளோஸ்டரும் 2021-இல் மகிந்திரா எக்ஸ்யூவி 700-உம் அடாஸைப் பரவலாகப் பேச வைத்த நாளிலிருந்து, எல்லா நிறுவனங்களுக்கும் இந்தச் சாலைகள்தான் தேர்வு மையம். தேர்வுக்குக் காலம் பிடிக்கும் என்பது புரிகிறது. தேர்வு எழுதாத பிள்ளைக்குப் பட்டதாரி என்று சொல்லிச் சம்பளம் வாங்கியதுதான் புரியவில்லை.

தீபாவளி வந்து போனது, மென்பொருள் வரவில்லை. கார்த்திகையில், செங்கல்பட்டுக்கு அருகே முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் பட்டு, ஒரு வாரத்தில் விரிசல் குறுக்கே ஓடிவிட்டது. காப்பீட்டில் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பிறகு கேமராவை மறுபடியும் அளவிட்டு நேர்செய்ய வேண்டும் என்றார்கள்; கண்ணாடியின் சாய்வு இம்மி மாறினாலும் கேமரா பார்க்கும் இடம் நூறு மீட்டர் தொலைவில் பக்கத்துத் தடத்துக்குப் போய்விடும் என்று சர்வீஸ் சென்டர் பொறியாளர் விளக்கியது முற்றிலும் சரியே. அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதி காப்பீட்டில் சேரவில்லை. அதுவரை ஒரு நாள்கூட எனக்காக எதையும் பார்த்திராத கண்ணுக்கு, பார்வைப் பரிசோதனைக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.

முதல் அப்டேட் மார்கழியில் வந்தது. முன்மோதல் எச்சரிக்கை, தடம் விலகல் எச்சரிக்கை என்று இரண்டு. திரையில் அறிவிப்பு வந்ததே தவிர, பதிவிறக்கம் நான்கு நாட்கள் பாதியிலேயே நின்றது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. அங்கே சிம் கார்டுக்கு அலைவரிசை கிடைப்பதில்லை என்பதைக் கண்டுபிடிக்க அத்தனை நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்கு வண்டியை வெளியே எடுத்து, குரோம்பேட்டையின் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலை ஒட்டி நிறுத்தி, கதவுகளைப் பூட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் வெளியே காத்து நின்றேன். அப்டேட் நடக்கும்போது வண்டியைக் கிளப்ப முடியாது, கண்ணாடிகளும் இறங்காது. காவலாளி வந்து, “என்ன சார், வண்டி ரிப்பேரா? புது வண்டிதானே?” என்று கேட்டார். இல்லை, வண்டி இப்போதுதான் முழுசாக வந்துகொண்டிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு எச்சரிக்கைகளும் எப்படி? தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையில், இடப்புறமும் வலப்புறமும் பைக்குகள் நுழைந்துகொண்டே இருக்கும் மாலை நேரத்தில், முன்மோதல் எச்சரிக்கை அலறி முடிப்பதற்குள் அடுத்த பைக் வந்துவிடுகிறது. பத்து நாளில் காது அதைக் கேட்காமல் விட்டுவிடப் பழகிக்கொண்டது. ஓர் எச்சரிக்கைக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. உணர்திறனைக் குறைத்து வைத்த பிறகே தாங்க முடிந்தது. தடம் விலகல் எச்சரிக்கையோ கோடு இருக்கும் இடத்தில் மட்டும் பேசும். திண்டிவனம் தாண்டி வெள்ளைக் கோடுகள் தெளிவாக உள்ள இடங்களில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு உளுந்தூர்பேட்டை அருகே ஒருமுறை என் கவனம் சற்றே தளர்ந்தபோது ஸ்டீயரிங் அதிர்ந்து என்னை நிமிர வைத்தது. அந்த ஓர் அதிர்வுக்காக நான் நன்றியுடையவன்.

இரண்டாவது அப்டேட், அதாவது முதல் நாள் நான் அழுத்திய பொத்தானுக்கு உயிர் தந்தது, வைகாசியில் வந்தது. வண்டி வாங்கி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. அதுவும் காற்று வழியாக வரவில்லை. அடாப்டிவ் க்ரூஸும் தானியங்கி அவசர பிரேக்கும் ரேடாரைத் துல்லியமாக நம்பி இயங்குவதால், சர்வீஸ் சென்டரில் சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, முன்னால் குறிப்பிட்ட தொலைவில் கட்டம்போட்ட பலகைகளை வைத்து அளவிட்ட பிறகே இயக்க வேண்டும் என்றார்கள். ஒரு முழுநாள் விடுப்பு எடுத்தேன். வீட்டிலிருந்தபடியே எல்லாம் வந்து சேரும் என்று விற்றவர்கள், கடைசியில் என்னை அங்கே வரவழைத்தார்கள்.

அடாப்டிவ் க்ரூஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் டாப் வேரியன்டுக்குப் போவது இதற்காகத்தான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளைக் கடந்து போக்குவரத்து கலைந்த பிறகு, மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் வைத்துவிட்டால் வலது காலுக்குக் கிடைக்கும் ஓய்வு உண்மையானது. திருச்சி போய்ச் சேரும்போது முழங்கால் வலி இல்லை. ஆனால் கார் முன்னால் விடும் இடைவெளியை நம் ஊர் ஓட்டுநர்கள் அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்ச இடைவெளியில் வைத்தாலும் ஒரு பேருந்து நுழையும், என் கார் மரியாதையாகப் பின்வாங்கும், அந்தப் புதிய இடைவெளியில் ஒரு கார் நுழையும், மறுபடியும் பின்வாங்கும். திருமணப் பந்தியில் எல்லோருக்கும் இடம் விட்டு எழுந்து நிற்கும் மாமா ஒருவர் இருப்பாரே, அவரைப் போல.

அவசர பிரேக்கைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது மேல்மருவத்தூரில். செவ்வாடை உடுத்திய பக்தர்கள் கூட்டமாகச் சாலையைக் கடக்க, எனக்கு முன்னால் சென்ற வேன் சட்டென்று நின்றது. என் கால் பிரேக்கைத் தொடும் முன்பே கார் பிரேக்கைப் பிடித்துவிட்டது. மீதியை நான் அழுத்தினேன். வேனுக்கும் எங்களுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடமே இருந்தது. பின்னிருக்கையில் இருந்த அம்மா, “நீயா போட்டே, அதுவா போட்டுச்சு?” என்று கேட்டார். இரண்டாவது, ஒரு மாதம் கழித்து, இன்னொரு ஊர் அருகே. மேம்பாலத்தின் ஏற்றத்தில், மேலே குறுக்காக நின்ற இரும்புப் பலகையை நெருங்கும்போது, முன்னால் எதுவுமே இல்லாத சாலையில் கார் தானாகப் பிரேக் பிடித்தது. வேகம் எண்பதிலிருந்து ஐம்பதுக்குக் குறைந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஹார்னை அழுத்தியபடி வலப்புறம் ஒடித்துக் கடந்து போனார். அவருடைய திறமையால்தான் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். வாடிக்கையாளர் சேவைக்கு நாள், நேரம், இடம் எல்லாம் குறித்து எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் மென்பொருளை மேம்படுத்த இது உதவும்’ என்று பதில் வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதிலாக அது எனக்குப் படவில்லை. சம்பளமில்லாத சோதனை ஓட்டுநருக்கு எழுதியதாகவே பட்டது.

மென்பொருள் பின்னால் வருவதில் நான் எதிர்பாராத இன்னொரு சங்கடம் இதுதான்: கார் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது மாதங்கள் ஒரு காரை ஓட்டி, அதன் பிரேக் எப்போது பிடிக்கும், ஸ்டீயரிங் எவ்வளவு இறுக்கம் என்று உடம்பு கற்றுக்கொண்ட பிறகு, ஒரு காலையில் அது வேறு விதமாக நடந்துகொள்கிறது. புரட்டாசியில் வந்த மூன்றாவது அப்டேட்டில் தடத்தின் நடுவில் காரை வைத்திருக்கும் வசதி சேர்ந்தது. அதே அப்டேட்டில் க்ரூஸ் இடைவெளியின் அளவுகளையும் மாற்றியிருந்தார்கள்; அறிவிப்பில் அதைப் பற்றி ‘செயல்பாட்டு மேம்பாடுகள்’ என்ற இரண்டு சொற்களே இருந்தன. முன்பு இரண்டாம் நிலையில் விட்ட இடைவெளியை இப்போது மூன்றாம் நிலையில்தான் விடுகிறது என்பதை நான் ஒரு டேங்கர் லாரியின் பின்புறத்தை வழக்கத்தைவிட நெருக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மனைவி இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஓட்டுபவர். அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் இது புதிய வண்டி.

இத்தனைக்கும் இவை எல்லாம், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ தானியங்கி ஓட்டத்துக்கு வகுத்த படிநிலைகளில் இரண்டாம் நிலையைத் தாண்டாதவை. அதாவது காரே ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக் பிடித்தாலும், சாலையைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையது. பொறுப்பைக் குறிப்பிட்ட சூழலில் கார் ஏற்றுக்கொள்ளும் மூன்றாம் நிலை, ஜப்பானில் 2021-இல் நூறு ஹோண்டா லெஜண்ட் கார்களிலும், ஜெர்மனியில் 2022-இல் சில மெர்சிடிஸ் கார்களிலும் மிகக் குறுகிய நிபந்தனைகளோடு வந்தது. நம் ஏடுகளில் ‘லெவல் 2’ என்று பெரிதாக அச்சிடப்படுவது ஒரு பெருமை அல்ல, ஒரு பொறுப்புத் துறப்பு என்று புரிந்துகொள்வது நல்லது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது வகுத்த நட்சத்திரங்களும், பெரும்பாலும் மோதல் நிகழ்ந்தால் உள்ளிருப்பவர்கள் எவ்வளவு காக்கப்படுகிறார்கள் என்பதையே அளந்தன. ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரின் அடாஸ் நன்றாக இருக்கும் என்று அதிலிருந்து ஊகிக்க வழியில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று முதலில் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், மிகப் பெரிய பெயர்களே இந்த வழியில் நடந்திருக்கின்றன. 2016 அக்டோபரில் டெஸ்லா, எட்டு கேமராக்களும் பன்னிரண்டு அல்ட்ராசோனிக் உணரிகளும் ஒரு ரேடாரும் கொண்ட புதிய கருவித் தொகுப்போடு கார்களை விற்கத் தொடங்கியது. அந்தப் புதிய கார்களில், பழைய தொகுப்பில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த தானியங்கி அவசர பிரேக், மோதல் எச்சரிக்கை போன்றவை தற்காலிகமாக இருக்காது என்று அந்நிறுவனமே அறிவித்தது. மேம்படுத்திய ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவித் தொகுப்புக்கு 5,000 டாலர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018-இல் சமரசம் ஏற்பட்டபோது ஒருவருக்குக் கிடைக்கவிருந்தது 20 முதல் 280 டாலர் வரை. காத்திருப்புக்குச் சந்தை வைத்த விலை அவ்வளவுதான். 2022 அக்டோபரில் அதே நிறுவனம் அல்ட்ராசோனிக் உணரிகளை நீக்கத் தொடங்கியபோது, பார்க்கிங் உதவி போன்ற சில வசதிகள் புதிய கார்களில் மீண்டும் காணாமல் போய், பின்னர் கேமராவை நம்பித் திரும்பி வந்தன.

வோல்வோ பாதுகாப்புக்கே பெயர்போனது. அதன் இஎக்ஸ்90 மின்சாரக் கார் 2024-இல் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, கூரையின் முன்விளிம்பில் புடைத்துக்கொண்டிருந்த, லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் லிடார் கருவி இயக்கப்படாத நிலையிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு, அந்தக் கார்களின் மையக் கணினியையே இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது. பிறகு 2026 மாடலில் லிடாரையே கைவிட முடிவு செய்தது. ‘கருவி இருக்கிறது, மென்பொருள் பின்னால் வரும்’ என்ற வாக்குறுதியில், கருவியே போதாமல் போகவும் கூடும் என்பதற்கு இது சான்று. டெஸ்லாவிலும், முழுத் தானியங்கி ஓட்டத்துக்குப் பணம் கட்டிய பழைய கார்களின் மூன்றாம் தலைமுறைக் கணினியை மாற்ற வேண்டியிருக்கும் என்று ஈலான் மஸ்க் 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு மும்பையில் இருக்கிறது. 2025 ஜூலையில் அங்கே டெஸ்லா தன் முதல் இந்திய ஷோரூமைத் திறந்து, மாடல் ஒய் காரை 59.89 லட்சம் ரூபாயிலிருந்து விற்கத் தொடங்கியபோது, ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ என்ற விருப்பத் தேர்வுக்கு மேலும் ஆறு லட்சம் ரூபாய் விலை வைத்திருந்தது. அந்த வசதி அப்போது இந்தியச் சாலைகளில் இயங்கவில்லை. ஆறு லட்சத்துக்கு நம் ஊரில் ஒரு முழுக் காரே வாங்கலாம். அந்தக் கார் டெலிவரி அன்றே ஓடவும் செய்யும்.

இந்தப் பதினான்கு மாதங்களில் நான் இழந்தது வசதிகளை என்பதைவிட, பேரம் பேசும் இடத்தை என்றே சொல்வேன். புக்கிங் தொகை மட்டும் கட்டியிருந்தபோது ஷோரூம் மேலாளர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து காபி கொடுத்தார். முழுத் தொகையும் போய், வண்டி பதிவாகி, எண்பலகை திருகப்பட்ட பிறகு, மூன்று மின்னஞ்சல்களுக்கு ஒரு பதில் வந்தது. ஆகவே இதே நிலையில் உள்ள காரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, காபி கிடைக்கும் காலத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்பதே. டெஸ்ட் டிரைவில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசதியையும் ஆலோசகர் முன்னாலேயே இயக்கிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியில் உள்ள மென்பொருளும் உங்களுக்குத் தரப்போகும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று கேளுங்கள். வராதவை எவை, எந்தத் தேதிக்குள் வரும் என்பதை டீலரின் முத்திரையோடு, அல்லது குறைந்தபட்சம் மின்னஞ்சலில், எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே போதுமான பதில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், செலுத்திய தொகை ஐம்பது லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தொடுக்கலாம். ஆனால் புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ‘இன்னும் இரண்டு மாதம்’ என்று தள்ளிக்கொண்டே போகும் பேச்சில் அந்த இரண்டு ஆண்டுகள் எளிதாகக் கரைந்துவிடும் என்பதால், முதல் வாக்குறுதி தவறிய நாளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. என்னிடம் இருந்தது “தீபாவளிக்குள்ள” என்ற வாய்ச்சொல் மட்டுமே. அதை எந்த ஆணையத்தில் தாக்கல் செய்வது?

இதே காரை இன்று மறுபடியும் வாங்குவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்குவேன், கீழ் வேரியன்டை. அதில் ஆறு ஏர்பேக்குகளும், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சியும், இதே எஞ்சினும் உள்ளன. இன்று டாப் வேரியன்டை வாங்குபவருக்கு மூன்று அப்டேட்களும் ஏற்றப்பட்ட, அளவிட்டு முடிந்த வண்டி டெலிவரி அன்றே கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு இது நான் வாங்கியதைவிடச் சிறந்த கார். என்னைவிட அவர் கொடுத்த விலை பதினெட்டாயிரம் ரூபாய் மட்டுமே அதிகம்.

பதினாறில் இன்று வேலை செய்பவை பதினைந்து. மிச்சமிருப்பது, நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் எடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியைக் கண்டு எச்சரிக்கும் வசதி. பின்பம்பரின் இரு மூலைகளிலும் உள்ள ரேடார்கள் அதற்கும் சேர்த்துத்தான் என்கிறார்கள். போன வாரம், இரண்டாம் தீபாவளிக்குத் துணி எடுக்கத் தி. நகர் போய்விட்டு, உஸ்மான் சாலைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. திரையில் அந்த ஒரு வரி மட்டும் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஜவுளிக்கடைக் காவலாளி ஒருவர் பின்னால் போய் நின்று, பம்பரை இரண்டு தட்டு தட்டி, “வாங்க சார், வாங்க வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, ஸ்டாப்” என்றார். இருபது ரூபாய் கொடுத்தேன்.